இடமாகவும் ஒரு சுற்று

எல்லாம் சுழல, நடுவில் சுழலாமல் நிற்பவனே! உன்னைச் சுற்றிவரக் காலைத் தந்தவனும் நீ. அந்தக் காலில் வலியை வைத்தவனும் நீ. நடக்க முடிந்த நாளில் நடக்காமல் இருந்த என் பிழையைப் பொறுத்தாய். சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கும்வரை என் நினைவு வழுவாமல் காப்பாயாக.

இன்று தேய்பிறைத் திரயோதசி. சனிக்கிழமையோடு கூடிய பிரதோஷம். அரபு நாடொன்றில், அல் கூஸில் எங்கள் தொழிலாளர் கேம்ப்பின் இரண்டாம் மாடியில், ஆறு கட்டில்கள் போட்ட அறையில் என் கட்டிலின்மேல் அமர்ந்து இதை எழுதத் தொடங்குகிறேன். இந்த நாளைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

எனக்கு அறுபத்தொரு வயது. குழாய்களும் குளியலறைச் சாமான்களும் வைக்கும் ஒரு கிடங்கில் ஸ்டோர்கீப்பராக இருக்கிறேன். இதற்கு முன் இன்னொரு அரபு நாட்டில், யான்புவில் ஒன்பது ஆண்டுகள். அங்கே கோயில் இல்லை. வழிபாடு என்பது உதட்டுக்கு உள்ளேயே நிகழ வேண்டிய காரியமாக இருந்தது. சிறு வயதில் மனப்பாடம் செய்த அடியார் பாடல்களை எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் புகைபோக்கிகளைப் பார்த்தபடி மனத்துக்குள் சொல்லுவேன். வலம் வர இடமில்லாத அறையில், கதவைச் சாத்திவிட்டு, நின்ற இடத்திலேயே மூன்று முறை வலமாகச் சுற்றிக்கொள்வேன். பிரதோஷத்தன்று கண்ணை மூடி உட்கார்ந்து எங்கள் ஊர்க் கோயிலை மனத்தாலேயே சுற்றி வருவேன். அந்தப் பழக்கம் இங்கே வந்தும் விடவில்லை. உடல் ஓரிடத்திலும் கால் வேறோரிடத்திலும் நடக்கும் வாழ்க்கைக்கு முப்பது ஆண்டுகளில் பழகிவிட்டேன். பழகியதால் களைப்பு குறைந்துவிடவில்லை.

நான்கு ஆண்டுகளுக்கு முன் என் மனைவிக்குப் பெரிய அறுவைச் சிகிச்சை நடந்தது. அப்போது நான் கிடங்கின் மேல்தளத்தில், கையில் சரக்குப் பட்டியலோடு நின்றுகொண்டிருந்தேன். தொலைபேசியில் உறவினர் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே, அடுக்கி வைத்த வாஷ்பேசின்களுக்கு நடுவே நின்று வேண்டிக்கொண்டேன்: அவள் எழுந்து நடந்தால், நான் மலையைச் சுற்றி நடக்கிறேன். எங்கள் ஊரிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் அந்த மலை இருக்கிறது. மலையே இறைவன் என்று வணங்கப்படுவது. வெறுங்காலோடு, வண்டி ஏறாமல், ஒரே நாளில் சுற்றி முடிக்க வேண்டும் என்பது என் நேர்த்தி.

அவள் எழுந்தாள், நடந்தாள். நான் நடக்கவில்லை. முதல் லீவு மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாகக் கழிந்தது. இரண்டாம் லீவில் மகளின் திருமணம். மூன்றாம் லீவுக்குள் என் வலது முட்டி மடங்க மறுத்துவிட்டது. மேல்தளத்துக்கு ஏறும் இருபத்தெட்டுப் படிகளையும் ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறத் தொடங்கினேன். இங்கே பார்த்த டாக்டர் எக்ஸ்ரே படத்தை விளக்கொளியில் தூக்கிப் பிடித்து, உட்புறம் தேய்ந்திருக்கிறது என்றார். மலையைப் பற்றிச் சொன்னேன்.

"எத்தனை கிலோமீட்டர்?"

"பதினாலு."

"இந்த வருஷம் முடிஞ்சா போயிட்டு வாங்க. அடுத்த வருஷம் என்கிட்ட கேக்காதீங்க."

அன்று மாலை மனைவிக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவள் சொன்னாள்: "சாமிக்கு ஒண்ணும் அவசரமில்லீங்க. உங்க முட்டிக்குத்தான் அவசரம்."

லீவுக்கு ஐந்து மாதங்கள் இருந்தன.

கேம்ப் பஸ் எங்களைக் காலை ஆறு மணிக்கே கிடங்கில் இறக்கிவிடும். ஷட்டர் ஏழு மணிக்குத்தான் திறக்கும். இடையில் உள்ள ஒரு மணி நேரம் யாருக்கும் சொந்தமில்லாதது. சிலர் சரக்கு அடுக்கும் மரப் பேலட்டுகளின்மேல் படுத்து உறங்குவார்கள். சிலர் ஊருக்குப் பேசுவார்கள். நான் பாடல் சொல்லுவேன். எங்கள் கிடங்குக்கும் அடுத்த கிடங்குக்கும் நடுவே மணல் படிந்த ஒரு வெற்றிடம். அதில் யாரோ எப்போதோ நட்ட வேப்பமரம் ஒன்று, ஏசி தண்ணீர் சொட்டும் இடத்தில் வேர் பிடித்து நன்றாகவே வளர்ந்திருக்கிறது.

ஒரு காலையில் அந்த மரத்தை ஒரு பெண்மணி சுற்றிவருவதைக் கண்டேன். அடுத்த கிடங்கில் தரை ஓடுகள் வைத்திருந்த சீன நிறுவனத்தின் பொறுப்பாளர் அவர். ஐம்பது வயதிருக்கும். கட்டையாக வெட்டிய தலைமுடி, நிறுவனத்தின் பெயர் போட்ட நீல ஜாக்கெட், கான்வாஸ் காலணி. மிக மெதுவாக நடந்தார். பாதத்தைத் தரையிலிருந்து அதிகம் தூக்காமல், சேறு நிறைந்த வயலில் நடப்பவர்போல் முழுப் பாதத்தையும் ஒரே தட்டையாக முன்னே செலுத்தினார். இடுப்பை மரத்தின் பக்கம் திருப்பி, உள்ளங்கைகளை மரத்துக்குக் காட்டி, பார்வையை அதிலிருந்து எடுக்காமல் சுற்றினார். அவருடைய முகத்தில் இருந்த ஒருமையை நான் கோயில் பிராகாரங்களில் சிலரிடம் மட்டுமே கண்டிருக்கிறேன்.

ஆனால் அவர் இடமாகச் சுற்றிக்கொண்டிருந்தார்.

வலது தோள் நடுவை நோக்கி இருக்கச் சுற்றுவதே வலம். இடது தோளை உள்ளே காட்டிச் சுற்றுவதை எங்கள் வீட்டில் அபசாரம் என்பார்கள். இறுதிச் சடங்குகளோடு சேர்த்து எண்ணுவார்கள். அதுவும் வேப்பமரத்தை! ஒரு சுற்று, இரண்டு சுற்று, ஐந்து சுற்று பார்த்தேன். பொறுக்க முடியவில்லை. முட்டியை இழுத்துக்கொண்டு அருகே போய், எனக்குத் தெரிந்த இந்தியில், மேடம், இப்படி இல்லை, அப்படி என்று கையால் வட்டம் போட்டுக் காட்டினேன்.

அவர் நடையை நிறுத்தவில்லை. பார்வையையும் திருப்பவில்லை. "பாபா, ஆதா அபி, ஆதா பாத் மே" என்றார். பாதி இப்போது, பாதி பிறகு. எங்கள் எல்லோருக்கும் பொதுவான அந்த வேலையிடத்து இந்தியில் அவர் என்னைவிடத் தேறியவர் என்பது அப்போதே தெரிந்தது.

சொன்னபடியே சற்று நேரத்தில் ஓர் அடியை உள்வாங்கி, கைகளை ஒன்றின்கீழ் ஒன்றாக நுழைத்து, உடலை முறுக்கிப் பிரித்தார். மறு கணம் வலமாக நடந்துகொண்டிருந்தார். திருப்பம் எந்த இடத்தில் நிகழ்ந்தது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

எங்கள் கிடங்கில் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுபவர் சிவகங்கைப் பக்கத்துக்காரர், நாற்பது வயது, வாய் ஓயாதவர். பேலட்டின்மேல் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னய்யா, சைனா அக்காவுக்குச் சாமி கும்புடச் சொல்லித் தர்றீங்களா?"

"மரத்தை மாற்றிச் சுற்றுகிறாரே என்று சொன்னேன்."

"நம்ம கேம்ப் பஸ்ஸு ரவுண்டானாவ தெனமும் எடப்பக்கமாத்தானே சுத்துது. டிரைவர்கிட்ட ஒருநாளும் சொல்லலயே நீங்க!"



மறுநாள் அந்தப் பெண்மணியே என்னை அழைத்தார். என் முட்டியைச் சுட்டி, எத்தனை காலமாக என்று கேட்டார். ஓராண்டு என்றேன். நடக்கும்போது வலி எங்கே, இறங்கும்போது எங்கே, உட்கார்ந்து எழும்போது எங்கே என்று டாக்டர் கேட்காததையெல்லாம் கேட்டார். மலையைப் பற்றியும் சொன்னேன். "பஹாட் படா சர்க்கிள்" என்று தூரத்தைக் காட்டினார். "பேட் சோட்டா சர்க்கிள்" என்று மரத்தைக் காட்டினார். மலை பெரிய வட்டம், மரம் சின்ன வட்டம். சின்னதை நடக்க முடிந்தால் பெரியதையும் நடக்கலாம் என்பது அவர் கணக்கு. இதன் பெயர் பாகுவா என்றார். தம் தந்தை ரயில்வே குடியிருப்பில் ஒரு தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி நடந்தே இதைக் கற்றதாகவும், முதல் இரண்டு ஆண்டுகள் கைகளுக்கு எதுவுமே சொல்லித்தரப்படவில்லை என்றும், நடை மட்டும்தான் பாடம் என்றும் சொன்னார்.

இது சண்டைக்கலை என்று கேட்டபோது ஃபோர்க்லிஃப்ட்காரர் சிரித்துவிட்டார். "இந்த வேகத்துல சண்ட போட்டா எதிராளி டீ குடிச்சிட்டு வந்துருவான்." அதன் பொருள் அந்தப் பெண்மணிக்கு எப்படியோ விளங்கிவிட்டது. தள்ளிப் பார் என்று கைகாட்டினார். ஃபோர்க்லிஃப்ட்காரர் தயங்கி, என் முகத்தைப் பார்த்து, பிறகு இரு கைகளையும் நீட்டிக்கொண்டு போனார். அந்தப் பெண்மணி ஒரு அடி சுற்றினார், அவ்வளவுதான். இவர் போன வேகத்தில் வேப்பமரத்தைக் கட்டிக்கொண்டு நின்றார். பேலட்டின்மேல் இருந்த அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள்.

"யோவ், மரத்துக்குத் தாலி கட்டுறதுன்னா சொல்லிட்டுக் கட்டுய்யா" என்றது ஒரு குரல்.

"போங்கடா. அங்க ஆளே இல்லய்யா" என்றார் ஃபோர்க்லிஃப்ட்காரர், நெற்றியில் ஒட்டிய மரப்பட்டையைத் துடைத்துக்கொண்டு. அன்று முதல் அவர் அந்த நடையைப் பற்றி ஒரு கேலியும் செய்யவில்லை.

அந்தப் பெண்மணி எனக்குக் கற்றுத்தந்தது மிகக் குறைவு. முட்டியை இறுக்காதே, பாதத்தைத் தட்டையாக வை, உள்ளே இருக்கும் கால் நேராகப் போகட்டும், வெளியே இருக்கும் கால் சற்றே உள்நோக்கித் திரும்பட்டும், எட்டு அடியில் ஒரு சுற்று, பார்வை நடுவை விடக்கூடாது. இடமாகப் பத்து, வலமாகப் பத்து. அவருடைய நேரம் ஆறரை; என்னைத் தனியே நடக்கச் சொன்னதால் நான் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் ஆறு மணிக்கே நடந்தேன். ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வெறுங்காலோடு நடந்தேன். மரத்தைக் காலணியோடு சுற்ற எனக்கு வராது.

இங்கேதான் என் பிழை தொடங்குகிறது. நான் இடமாக நடக்கவே இல்லை.

முதல் நாள் முயன்றேன். இடது தோளை மரத்தின் பக்கம் காட்டி இரண்டு அடி வைத்தேன். அறுபது ஆண்டுகளாக வலமாக வந்த உடம்பு மறுத்தது. மனத்தில் ஓடிக்கொண்டிருந்த பாடல் அடி நின்றுபோனது. நேர்த்திக்கடனுக்காகக் காலைத் தயார் செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டு அந்தக் காலாலேயே அபசாரம் செய்வதா என்று தோன்றியது. உடனே திரும்பி இருபது சுற்றையும் வலமாகவே நடந்தேன். மறுநாளும் அப்படியே. பாடலும் நன்றாக ஓடியது. வலமாக வந்தால் மருந்தும் ஆயிற்று, வழிபாடும் ஆயிற்று என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். இரண்டு பக்கமும் நடக்கிறாயா என்று அவர் கேட்டபோது ஆமாம் என்றேன். பொய் சொல்லும்போது என் நெற்றியில் திருநீறு இருந்தது.

ஐந்து வாரங்களில் முட்டி முன்னைவிட மோசமாயிற்று. உட்புறத்தில் சுள்ளென்று குத்தத் தொடங்கியது. படியின் கைப்பிடியை ஒரு கையால் பிடித்தது போய் இரண்டு கையாலும் பிடித்தேன். மேல்தளத்தில் பொருள் தேட வேண்டியிருந்தால் ஃபோர்க்லிஃப்ட்காரர் என்னிடம் சொல்லாமலே போய்த் தேடிவிட்டு வருவார். அந்த இரக்கம் வலியைவிடக் கனமாக இருந்தது. இவ்வளவு செய்தும் இப்படி ஆக்குகிறாயே என்று இறைவனிடம் முறையிட்டேன். உண்மையில் நான் செய்ததில் பாதியைத்தான் அவனிடமும் சொன்னேன்.

ஒரு காலையில் பஸ் தாமதமாயிற்று. நான் சுற்றி முடித்துக் காலைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே அவர் வந்துவிட்டார். வழக்கமாக என் சுவடுகளின்மேல் அவர் காலணிச் சுவடு விழுந்து எல்லாம் கலைந்துவிடும். முந்தைய இரவு காற்று வீசி மணலை வழித்து வைத்திருந்தது. அதன்மேல் என் வெறும் பாதங்கள் மட்டும் பதிந்திருந்தன. அவர் இடுப்பில் கைவைத்து நின்று மணலைப் பார்த்தார். இருபது சுற்று, அத்தனை விரல்களும் ஒரே திசையில்.

"பாபா, ஏக் சைட்."

ஒரே பக்கம் என்கிறார். நான் துடைத்த காலை ஷூவுக்குள் நுழைத்தேன்.

"தோனோ சைட் போலா" என்றார். இரண்டு பக்கமும் என்று சொன்னேனே என்று அவர் கேட்ட குரலில் கோபம்கூட இல்லை, சலிப்புதான் இருந்தது. என் மார்பைத் தொட்டுக் காட்டி, கடவுளா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் தலையை ஆட்டினார். "காட் கா முட்டி நஹி. தேரா முட்டி. கலாஸ்." முட்டி கடவுளுடையது அல்ல, உன்னுடையது, முடிந்தது. முட்டி என்ற சொல்லை என்னிடமிருந்தே கற்றிருந்தார். அதற்குப் பிறகு ஒரு வாரம் அவர் என்னிடம் பேசவில்லை. நானும் மரத்தின் பக்கம் போகவில்லை.

அந்த வாரத்தின் கடைசி நாளில் ஒரு பிரதோஷம் வந்தது. வேலை முடிந்து அறைக்கு வந்து, குளித்து, முட்டியில் வெந்நீர்ப் பையைக் கட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தேன். பக்கத்துக் கட்டில்காரர் தொலைபேசியில் ஏதோ படம் பார்த்துக்கொண்டிருந்தார், ஒலியைக் குறைத்துக்கொண்டார். கண்ணை மூடினேன். எங்கள் ஊர்க் கோயிலின் வாயிலில் மனத்தால் நின்றேன்.

பிரதோஷ வேளையில் சிவன் கோயிலைச் சுற்றும் முறை மற்ற நாள்களைப் போன்றது அல்ல. நந்தியிடம் தொடங்கி முதலில் இடமாகவே சண்டிகேசர் சந்நிதிவரை போக வேண்டும். அங்கிருந்து வந்த வழியே நந்திக்குத் திரும்ப வேண்டும். பிறகு வலமாகச் சென்று, அபிஷேக நீர் வெளியேறும் கோமுகைவரை போய், அந்த நீரைத் தாண்டாமல் மீண்டும் திரும்ப வேண்டும். இப்படியே மாறி மாறி. எனக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆறு வயதில் தொடங்கி, மாதம் இரண்டு முறை, முதலில் காலாலும் பிறகு யான்புவிலும் இங்கும் மனத்தாலும், தவறாமல் செய்துவருகிறேன்.

அன்று மனத்துக்குள் நந்தியை வணங்கிவிட்டு, வழக்கம்போல் சண்டிகேசரை நோக்கி நடந்தேன். மூன்றாவது அடியில் நின்றுவிட்டேன்.

என் இடது தோள் கருவறையின் பக்கம் இருந்தது.

எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியவில்லை. ஒரு நாளும் நான் அதை இடமாகச் சுற்றுவது என்று எண்ணியதே இல்லை. அதற்கு வேறு பெயர் இருந்தது. அதனால் வேறு காரியமாக இருந்தது. நின்றும் திரும்பியும் போக வேண்டிய முறையை இறைவன் என் கையில் கொடுத்தே வைத்திருந்தான். நான் அதைப் பிரதோஷத்துக்கு மட்டும் என்று முடிந்து வைத்துவிட்டு, ஒரு பெண்மணிக்குத் திசை சொல்லப் போயிருக்கிறேன். உடலில் பாதியை அம்மைக்குத் தந்தவன் அவன். அந்தப் பாதி இடப்பாதி. அந்தப் பக்கத்தை அவனுக்குக் காட்டக் கூடாது என்று எனக்கு யார் சொன்னது?

பக்கத்துக் கட்டில்காரர், "என்னங்கய்யா, முட்டி ரொம்ப நோவுதா?" என்று கேட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆமாம் என்றேன்.

மறுநாள் ஆறு மணிக்கு மரத்தடியில் நின்று, நந்தி இருக்கும் இடம் என்று ஒரு பேலட்டை நினைத்துக்கொண்டு இடமாகத் தொடங்கினேன். எளிதாக இல்லை. எழுதாத கையால் எழுதுவதுபோல் இருந்தது. மூன்றாம் சுற்றில் தலை சுற்றியது. பாடல் நின்று நின்று வந்தது. சில நாள்கள் வரவே இல்லை. அந்த நாள்களில் அடியை மட்டும் எண்ணினேன். பத்து இடம், ஒரு திருப்பம், பத்து வலம். முதல் நாளே, நான் நடந்துகொண்டிருக்கும்போது ஆறரைக்கு அந்தப் பெண்மணி வந்தார். மணலைப் பார்த்தார். வட்டத்தின் எதிர்ப்புறத்தில் வந்து சேர்ந்துகொண்டார். நான் ஒரு சுற்று முடிப்பதற்குள் அவர் இரண்டு முடித்தார். முந்தும்போது ஒருமுறை என் முழங்கையைத் தட்டி, தோளைத் தாழ்த்து என்றார். அவ்வளவுதான் எங்கள் சமாதானம்.

முட்டி குணமாகிவிட்டது என்று எழுதினால் பொய்யாகும். தேய்ந்தது தேய்ந்ததுதான். லீவுக்கு முந்தைய வாரம் இருபத்தெட்டுப் படிகளில் பதினேழை, படிக்கு ஒரு கால் என்று ஏறினேன். ஃபோர்க்லிஃப்ட்காரர் கீழே நின்று எண்ணினார். பதினெட்டாவதில் நான் கைப்பிடியைப் பிடித்ததும், "பரவாயில்லய்யா, மலையில படி கெடையாது" என்றார்.

லீவில் போன ஐந்தாம் நாள், விடியற்காலையில் நானும் மனைவியும் மலையைச் சுற்றத் தொடங்கினோம். நீ வர வேண்டாம், நேர்ந்துகொண்டது நான் என்றேன். "பொழச்சது யாரு? நான்தானே. வர்றேன்" என்று என் செருப்பை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டாள். முதல் எட்டுக் கிலோமீட்டர் நன்றாகவே போயிற்று. வெயில் ஏறியது. தார்ச்சாலை சுடத் தொடங்கியது. ஒன்பதாவதில், மலையின் பின்புறத்தில், வலது முட்டி பூட்டிக்கொண்டது. முன்னும் மடங்கவில்லை, பின்னும் நிமிரவில்லை. சாலையோரத்தில் ஒரு சிறு சந்நிதி. தகரக் கூரையின்கீழ் ஒரு லிங்கம், சுற்றிலும் நாலடி மண் தரை. அதன் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு ஆட்டோ வேகத்தைக் குறைத்து எங்களைப் பார்த்துவிட்டுப் போனது.

மனைவி என் முகத்தைப் பார்த்தாள். "கூப்பிடட்டுமா?"

இன்னும் ஐந்து கிலோமீட்டர். நான்கு ஆண்டுகள் அதற்குள் இருந்தன. டாக்டரின் குரலும் இருந்தது.

"கொஞ்சம் பொறு" என்றேன்.

தூணை விட்டுவிட்டு அந்த லிங்கத்தைச் சுற்றி நடக்கத் தொடங்கினேன். இடது தோள் உள்ளே. சேற்றில் நடப்பதுபோல் பாதத்தைத் தட்டையாக, மண்ணை உரசியபடி. பார்வை நடுவில். வலது கால் வெளிப்பக்கமாக, மடங்காமலே, இழுபட்டு வந்தது. நான்கு சுற்று ஆகியிருக்கும். எங்களுக்குப் பின்னால் வந்த ஒருவர், வேட்டியை மடித்துக் கட்டி, கையில் தண்ணீர்ப் புட்டியோடு நின்றார். அவரால் பொறுக்க முடியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"பெரியவரே, என்ன இது? மாத்திச் சுத்துறீங்களே! அபசாரம் ஆயிடும்."

நான் நடையை நிறுத்தவில்லை. பார்வையையும் திருப்பவில்லை.

"பாதி இப்பங்க. பாதி அப்புறம்."

அவர் என் மனைவியைப் பார்த்தார். "கிறுக்கு இல்லீங்க, முட்டி வலி" என்றாள் அவள்.

பத்தாவது சுற்றில் ஓர் அடியை உள்வாங்கித் திரும்பினேன். திருப்பத்தில் உள்ளே எதுவோ நெகிழ்ந்தது. வலமாகப் பத்து. கடைசி மூன்று சுற்றில் முட்டி மடங்கியது. முழுதாக அல்ல, நடக்கப் போதுமான அளவு. அந்த மனிதர் அதுவரை நின்றிருந்தார். கையிலிருந்த தண்ணீரை என்னிடம் நீட்டிவிட்டு முன்னே போனார்.

அதற்கு மேலும் இரண்டு இடங்களில் அப்படி நின்று சுற்ற வேண்டியிருந்தது. ஐந்து கிலோமீட்டருக்கு நான்கு மணி நேரத்துக்குமேல் ஆயிற்று. கோபுர வாசலுக்கு வந்து சேர்ந்தபோது பிற்பகல் ஆகியிருந்தது. உள்ளங்கால் இரண்டும் கொப்பளித்திருந்தன. நான்கு ஆண்டுகள் சுமந்ததை இறக்கி வைக்கும் நேரத்தில் பெரிய பரவசம் ஏதோ வரும் என்று எதிர்பார்த்திருந்தேன். வரவில்லை. தாகம்தான் வந்தது. ஒரு பாடலின் முதலடிகூட நினைவுக்கு வரவில்லை. கையைக் கூப்பி, ஆயிற்று என்று மட்டும் சொன்னேன். அவனுக்குக் கேட்டிருக்கும்.

மனைவி மோர் வாங்கி வந்தாள். நான் குடிக்கும்வரை காத்திருந்து, குனிந்து என் காலுக்குமுன் செருப்பை எடுத்து வைத்தாள்.

"இனிமே எனக்கு ஏதாவது வந்தா எதுவும் நேந்துக்காதீங்க. மாத்திரை வாங்கிக் குடுங்க, போதும்."

அல் கூஸுக்குத் திரும்பிய மறுநாள் காலை அந்தப் பெண்மணியிடம் சொன்னேன்: மலை முடிந்தது. பெரிதாக மகிழ்வார் என்று நினைத்தேன். நட என்று மரத்தைக் காட்டினார். இடமாக ஒரு சுற்று, வலமாக ஒரு சுற்று நடந்தேன். அவர் குந்தி உட்கார்ந்து மணலில் என் சுவடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். வலது குதிகாலின் பள்ளத்தில் விரலை வைத்து, பிறகு இடதில் வைத்து அளந்தார்.

"அபி பி ரைட் பாரி" என்றார். இன்னும் வலது பக்கம் கனமாக இருக்கிறது.

எழுந்து, கையிலிருந்த மணலைத் தட்டிவிட்டு, தம் வட்டத்தைத் தொடங்கினார். நான் எதிர்ப்புறத்தில் சேர்ந்துகொண்டேன். ஷட்டர் திறக்க இருபது நிமிடம் இருந்தது. நேர்த்தி தீர்ந்துவிட்டது, முட்டி தீரவில்லை, நாளையும் பஸ் ஆறு மணிக்கு இறக்கிவிடும். களைப்பாகத்தான் இருக்கிறது. ஆனாலும் இப்போது பத்துக்குப் பத்து தவறாமல் நடக்கிறேன்.

அதோ பிரதோஷ வேளை நெருங்குகிறது. கண்ணை மூடி நந்தியிடம் போய் நிற்க வேண்டும்.

இதை வாசிக்கும் நீங்கள் எந்த ஊரில் எந்த அறையில் இருந்தாலும், உங்கள் கால்கள் உங்களை விட்டுவிடாதிருக்கட்டும். சொன்ன சொல்லை நிறைவேற்ற வேண்டிய நாளில் நடக்கப் போதுமான வலு உங்களிடம் எஞ்சியிருக்கட்டும். போகும் வழி பூட்டிக்கொள்ளும் இடத்தில் நிழலும், தண்ணீர் நீட்ட ஒரு கையும் வாய்க்கட்டும். வலமாக வந்தாலும் இடமாக வந்தாலும் நடுவில் நிற்பவன் உங்களைப் பார்த்தபடியே இருப்பானாக.